எங்க ஊர் உறுமியும் லண்டன் கலாவும்

எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் தெருவுக்கு நாலு கலா உண்டு. ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு ‘கலா’ என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள்... பாமாயில் பாக்கெட்டும் கையுமாக மூணு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருத்தர் முறைக்கவும் செய்வார்.

அப்படி ஒரு சர்வ சாதாரணமான பெயர், அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை போட்ட 2007-ம் வருஷத்துச் சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் முதல் இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஆமாம் ஸார், ஆல்பத்தின் பெயரே ‘கலா’! பாடியவர் ஒரு யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண். முழுப் பெயர் மாதங்கி அருள்பிரகாசம். வீட்டில் மாயா. வெளியில் எம்.ஐ.ஏ. கலா யார் என்று கேட்பீர்கள். அவருடைய அம்மா.

எங்கள் ஆபீஸில் புதுசாகச் சேர்ந்த ஒரு தம்பி இருக்கிறான். காதில் எப்போதும் எதையாவது செருகியிருப்பான். ஃபைல் கேட்டால் ஒரு காதை மட்டும் கழற்றுவான். ஒருநாள் அந்தக் கழற்றின காதிலிருந்து அண்டா குண்டானையெல்லாம் மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம். “என்னடே இது?” என்றேன்.

“கேட்டுப் பாருங்க ஸார். இதுல உங்க ‘தளபதி’ வருது” என்றான்.

அது என்ன ‘உங்க’ தளபதி? இருக்கட்டும். 1991 தீபாவளிக்கு ரிலீசான படம். இவன் அப்போது பிறக்கவேயில்லை. ஆனால் விஷயம் உண்மை. ‘கலா’வின் முதல் பாட்டு ‘பாம்பூ பாங்கா’. கார் ஓடுகிற சாலையைப் பற்றி ஏதோ முணுமுணுப்பாக ஆரம்பிக்கிறது. (அது ஜொனாதன் ரிச்மன் என்ற அமெரிக்கப் பாடகரின் ‘ரோட்ரன்னர்’ பாட்டு வரிகளைக் கொஞ்சம் திருப்பிப் போட்டது.) பின்னாலிருந்து மெள்ள ஒரு தாளம் கிளம்பி வருகிறது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே, இருக்கே என்று யோசிப்பதற்குள் பிடிபட்டுவிடும். ராஜா ஸார்! ரஜினியும் மம்முட்டியும் பொங்கல் கொண்டாட, எஸ்.பி.பி.யும் ஜேசுதாஸும் பாடின அதே ‘காட்டுக்குயிலு’!

நம்ம வீட்டுக் குத்துவிளக்கை லண்டன் கடை ஷோகேஸில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

அன்று சாயங்காலமே அந்தத் தம்பியிடமிருந்து மொத்த ஆல்பத்தையும் என் போனுக்கு மாற்றிக்கொண்டேன். திருநெல்வேலியிலிருந்து ஊருக்கு வரும் திருச்செந்தூர் பாசஞ்சரில் கேட்பது என்று ஏற்பாடு. மொத்தம் 12 பாட்டு, முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேலே. ரயில் பயணத்துக்கென்றே தைத்த சட்டை மாதிரி சரியாக இருந்தது. (ஸ்ரீவைகுண்டம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு: 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டு நின்றதே, அந்த ஸ்டேஷன். நவதிருப்பதிகளில் முதலாவது இருப்பதும், குமரகுருபரர் பிறந்ததும் இங்கேதான் என்று சொன்னால் யாருக்கும் ஞாபகம் வராது. வெள்ளம் என்றால் உடனே வந்துவிடும்.)

* * *

மாயாவின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிறந்தது 1975-ல், லண்டனில். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போய்விட்டார். அப்பா அருள்பிரகாசம் மாஸ்கோவில் படித்த எஞ்சினீயர். கொழும்பிலிருந்து வடக்கே அகதிகளை ஏற்றிவந்த கப்பலைப் பற்றி ‘லங்கா ராணி’ என்று நாவல் எழுதியவர். ஈழப் போராட்ட இயக்கங்களில் ஒன்றான ‘ஈரோஸ்’ அமைப்பை ஆரம்பித்தவர்களில் ஒருவர். இயக்கத்தில் அவருக்குப் பெயர் ‘அருளர்’. வீட்டில் அவர் இருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு யாழ்ப்பாணம், சென்னை, திரும்ப யாழ்ப்பாணம், கடைசியில் 1986-ல் அகதிகளாக லண்டன் என்று அலைந்தது அம்மா கலா மட்டும்தான்.

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் அரசாங்கக் குடியிருப்பு. மாயாவுக்கு அப்போது இங்கிலீஷ் அரைகுறை. வீட்டில் இருந்த ரேடியோவை யாரோ திருடிக்கொண்டு போய்விட, பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக வந்த ‘ஹிப் ஹாப்’ பாட்டைக் கேட்டு வளர்ந்ததாகச் சொல்வார். நமக்கும் அப்படித்தானே... டீக்கடை ஸ்பீக்கரும் பக்கத்து வீட்டு டேப் ரிக்கார்டரும் இல்லாவிட்டால் நம்மில் பாதிப் பேருக்குப் பாட்டே தெரிந்திருக்காது.

பாட்டுக் கிளாஸ் எதற்கும் போனவர் இல்லை. படித்தது ஓவியமும் சினிமாவும், செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில். ‘இலாஸ்டிகா’ என்ற ராக் குழுவின் சுற்றுப்பயணத்தைப் படம் பிடிக்கப் போன இடத்தில், ரோலண்ட் எம்.சி. 505 என்ற தாளப் பெட்டியைத் தட்டிப் பார்க்கச் சொல்லி, கூட வந்த பீச்சஸ் என்ற பாடகி உசுப்பிவிட்டார். அதில் ஆரம்பித்தது எல்லாம். அப்போது வைத்துக்கொண்ட பெயர் எம்.ஐ.ஏ. ‘போர்க்களத்தில் காணாமல் போனவர்’ என்பதன் ராணுவச் சுருக்கம் அது. லண்டனில் ஆக்டன் என்று ஒரு பேட்டை உண்டு, ‘ஆக்டனில் காணாமல் போனவர்’ என்றும் விரித்துக்கொள்ளலாம். குசும்பு!

2005-ல் முதல் ஆல்பம். அதற்கு அப்பாவின் இயக்கப் பெயரான ‘அருளர்’ என்றே பெயர் வைத்தார். ‘தலைப்பை மாற்று’ என்று அப்பாவிடமிருந்தே ஈ-மெயில் வந்ததாம். பெருமைப்படுகிறேன் என்றும் அதிலேயே ஒரு வரி. மகள் மாற்றவில்லை. அப்புறம் இரண்டாவது ஆல்பத்துக்கு அம்மா பெயர். மூணாவதுக்கு ‘மாயா’, நாலாவதுக்கு ‘மாதங்கி’. இந்த ஆல்பங்களை வரிசையாக அடுக்கினாலே ஒரு ரேஷன் கார்டு தயார்!

* * *

முதல் ஆல்பம் பேர் வாங்கிவிட்டால் இரண்டாவது ஆல்பம் பெரிய தலைவலி. சினிமாவில் முதல் படம் வெள்ளிவிழா ஓடின டைரக்டர்களைக் கேட்டால் சொல்வார்கள். மாயாவும் சும்மா இருக்கவில்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் வீடெல்லாம் பிடித்தாகிவிட்டது. அமெரிக்காவின் பெரிய தயாரிப்பாளரான டிம்பலேண்டோடு சேர்ந்து செய்வதாகத் திட்டம். 2006-ல் அங்கேதான் விதி விளையாடியது. அமெரிக்கா விசா தரவில்லை.

வாசகர்களில் பலருக்கு இந்த இடம் நன்றாகவே புரியும். அதிகாலை அஞ்சு மணிக்கு ஃபைலைக் கட்டிக்கொண்டு கான்சுலேட் வாசலில் நின்று, ரெண்டே நிமிஷத்தில் ‘ஸாரி’ வாங்கிக்கொண்டு வந்தவர்கள் எத்தனை பேர்! ஊருக்குத் திரும்பி ‘எனக்கே பிடிக்கல மச்சான், குளிர் ஜாஸ்தியாம்’ என்று கதை விடுவோம். மாயா என்ன செய்தார் தெரியுமா? அமெரிக்காவை விட்டுவிட்டு மிச்ச உலகத்துக்குக் கிளம்பிவிட்டார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான்... போன இடமெல்லாம் ரிக்கார்டிங். நியூயார்க்கில் ஒரே ஏ.ஸி. அறையில் முடிந்திருக்க வேண்டிய ஆல்பம் ஊர் ஊராகச் சுற்றி வளர்ந்தது. ‘ஸ்விட்ச்’ என்ற பெயரில் இயங்கும் லண்டன்காரர்தான் இசைத் தயாரிப்பில் முக்கியமான துணை.

சென்னைக்கு வந்தவர் ஏ.ஆர். ரஹ்மானைச் சந்தித்தார். மனசில் இருப்பதை இசைப் பாஷையில் சொல்லத் தெரியாமல் மாயா திணறியிருக்கிறார். ஸ்வரம் தெரிந்தவருக்கும் சத்தம் மட்டும் தெரிந்தவருக்கும் நடுவில் என்ன பேச்சு நடக்கும்? ஆனாலும் ரஹ்மான் வாத்தியக்காரர்களைக் கை காட்டிவிட்டார். கோடம்பாக்கத்து ஸ்டூடியோவையும் உபயோகித்துக்கொள்ளச் சொன்னார்.

அங்கே மாயா கேட்டு வாங்கியது வீணையோ வயலினோ சிதாரோ இல்லை. வெள்ளைக்காரர்கள் இந்தியா என்றதும் சிதாரைத்தான் தேடுவார்கள். இந்தப் பெண் தேடியது உறுமி!

* * *

இங்கே நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் இது எங்க ஏரியா.

உறுமி தெரியுமில்லையா? உடுக்கையின் பெரிய அண்ணன் மாதிரி இடுப்பு சிறுத்த வாத்தியம். தோளில் மாட்டிக்கொள்ள வேண்டியது. ஒரு முகத்தில் நேர்க் குச்சியால் அடிப்பார்கள். இன்னொரு முகத்தில் அடி கிடையாது. வளைந்த குச்சியை வைத்து அழுத்தித் தேய்ப்பதுதான். அந்தத் தேய்ப்பில் ஒரு உறுமல் வரும் பாருங்கள்... பசித்த புலி நடு ராத்திரியில் தொண்டையைச் செருமின மாதிரி! பேரே அதிலிருந்து வந்ததுதான்.

தாமிரபரணிக் கரையில் சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கியம்மன் என்று எந்தக் கோயில் கொடை நடந்தாலும் நையாண்டி மேளம் இல்லாமல் நடக்காது என்று ஒரு காலம். நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி, தாளம். ஒரு பக்கம் வில்லுப்பாட்டு. சில கோயில்களில் மகுடம் அடித்துக்கொண்டு கணியான் கூத்து. சாமக்கொடை நேரத்தில் தவிலெல்லாம் அடங்கி, உறுமி மட்டும் தனியாக ஒரு இழுப்பு இழுக்கும். அதுவரை பீடி குடித்துக்கொண்டு ஓரமாக நின்ற ஆள் திடீரென்று சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஆட ஆரம்பிப்பார். சாமி வந்தாச்சு! நான் பார்த்து, வாத்தியார் ஒருத்தருக்கு, சர்வீஸ் முடிய ஒரே மாசம் இருக்கும்போது வந்திருக்கிறது.

இப்போது செண்டை மேளம் வந்துவிட்டது. கேரளத்திலிருந்து வேன் பிடித்து, ஒரே மாதிரி வேட்டி கட்டி, வரிசையாக நின்று அடிக்கிறார்கள். பார்க்க அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. போட்டோவில் நன்றாக விழும். அதுக்கு மேல் டி.ஜே. செட். நையாண்டி மேளக்காரர்களுக்கு நோட்டீஸிலே கடைசி வரி. சில ஊரில் அதுவும் இல்லை.

அப்படிப்பட்ட உறுமி, ‘கலா’வின் இரண்டாவது பாட்டிலும் மூன்றாவது பாட்டிலும் நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு ராஜ்யம் பண்ணுகிறது. இரண்டாவது பாட்டு ‘பேர்ட் ஃப்ளூ’. பறவைக் காய்ச்சல்! கோழி கொக்கரிக்கிறது, பிள்ளைகள் கத்துகிறார்கள், நடுவில் மேளம். 2003-ல் வந்த ‘ஜெயம்’ படத்தில் ஆர்.பி. பட்நாயக் போட்ட திருவிழாப் பாட்டு ஒன்றின் துண்டும் அதில் கலந்திருக்கிறது. கொடை முடிந்த மறுநாள் கோழி அடிக்கிற நேரத்தில் எங்கள் தெருவில் மைக் வைத்தால் ஏறக்குறைய இதே பாட்டு ரிக்கார்டு ஆகும். மூன்றாவது ‘பாய்ஸ்’. இதில் உறுமியும் கரீபியன் தீவுகளின் திருவிழாத் துள்ளலும் ஒன்றையொன்று துரத்துகின்றன. பாட்டுக்கு எடுத்த வீடியோவில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்துப் பையன்கள் கூட்டமாக ஆடுகிறார்கள். நம்ம இழுப்புக்கு ஜமைக்காக்காரன் இடுப்பு வளைகிறது! லண்டன், நியூயார்க் டிஸ்கோக்களில் இந்தப் பாட்டைப் போட்டபோது யாருக்காவது சாமி வந்திருந்தால், திருநீறு போட்டு மலையேற்ற ஆள் இருந்திருக்குமா என்பது என் கவலை.

ரயில் செய்துங்கநல்லூரைத் தாண்டும்போது எனக்கு இந்த மூன்றாவது பாட்டு. ஜன்னலுக்கு வெளியே வாழைத் தோட்டம். காதில் உறுமி. எதிர் சீட்டு அம்மா, “ஏன் தம்பி காலை ஆட்டுதிய? சீக்கா?” என்று விசாரித்துவிட்டார்.

* * *

மற்றப் பாட்டுகளையும் சொல்லத்தான் வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. ‘ஜிம்மி’ தெரிந்த பாட்டு. 1982-ல் மிதுன் சக்கரவர்த்தி ஆடின ‘டிஸ்கோ டான்ஸர்’ படத்தில் பப்பி லஹரி இசையில் பார்வதி கான் பாடினது. சின்ன வயதில் மாயா வீட்டு விசேஷங்களில் இதற்கு ஆடுவாராம். பெரியவரானதும் அதையே திரும்பப் பாடிவிட்டார். இந்திக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு ரொம்ப ஒன்றும் இல்லை. ‘20 டாலர்’ என்ற பாட்டின் தலைப்பு, ஆப்பிரிக்காவில் ஒரு ஏ.கே. 47 என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதிலிருந்து பிறந்தது. அது தெரிந்துகொண்டு கேட்டால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். கடைசிப் பாட்டு, விசா கிடைக்காததால் நழுவிப் போன அதே டிம்பலேண்டோடு சேர்ந்து செய்தது. ஆல்பத்திலேயே சப்பையான பாட்டு அதுதான் என்பது என் தீர்ப்பு. அமெரிக்கா முன்னாடியே விசா கொடுத்திருந்தால் 12 பாட்டும் இப்படி ஆகியிருக்குமோ என்று நினைத்துப் பார்த்தேன். அந்த ஆபீஸருக்கு ஒரு மாலை போடலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது யாரும் அதிகம் பேசாத ஒரு பாட்டு. ‘மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்’. மாங்கா ஊறுகாய்! ஆஸ்திரேலியாவில் டார்லிங் நதிக்கரையில் வில்கேனியா என்று ஒரு சின்ன ஊர். அங்கே பூர்வகுடிச் சிறுவர்கள் சேர்ந்து, ஆற்றுக்குப் போவது, மீன் பிடிப்பது, பாலத்திலிருந்து குதிப்பது என்று தங்கள் பொழுதையே ராப் பாட்டாக ஏற்கெனவே பாடி வைத்திருந்தார்கள். மாயா அந்தப் பையன்களோடு தானும் சேர்ந்துகொண்டார். பின்னணியில் ‘டிஜெரிடூ’ என்ற நீளமான மரக்குழல் ஊதுகிறது. அதுவும் ஒரு வகை உறுமல்தான். கேட்டால் உங்களுக்கு டார்லிங் நதி தெரியாது. எங்கள் அணைக்கட்டுதான் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் தாமிரபரணியின் குறுக்கே கட்டினது, கடலுக்கு முன்னால் கடைசி அணை. மே மாதம் டவுசரோடு பையன்கள் அதிலிருந்து ‘தொம் தொம்’ என்று குதிப்பார்கள். பெரியவர்கள் கரையிலிருந்து வைவார்கள். வசவுதான் தாளம். அதை யாரும் பாட்டாக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி அந்தப் பெரிய பாட்டு. ‘பேப்பர் ப்ளேன்ஸ்’. ‘கலா’வில் பதினோராவது. அமெரிக்கா விசா மறுத்த கோபத்தில் பிறந்தது இது. போலி விசா தயாரித்துத் தருவதாகப் பெருமையடிக்கிற ஒரு ஆள் பாடுகிற மாதிரி அமைப்பு. நடுவில் ‘டுமீல் டுமீல்’ என்று துப்பாக்கிச் சத்தம், உடனே கடை கல்லாப்பெட்டி திறக்கிற ‘கிளிங்’. பிழைக்க வருகிறவனைப் பார்த்தாலே ‘சுடப் போகிறான், சுருட்டப் போகிறான்’ என்று பயப்படுகிறவர்களுக்கு, ‘ஆமாம்டா, அதுக்குத்தான் வந்தேன்’ என்று நக்கலாகப் பதில் சொல்கிற பாட்டு. மெட்டு ‘தி க்ளாஷ்’ என்ற இங்கிலீஷ் குழு 1982-ல் போட்டது. அந்தப் பழைய பாட்டும் குடியேறி வந்தவர்கள் படுகிற அவமானத்தைப் பற்றியதுதான் என்பது பொருத்தம். அமெரிக்க டி.வி.யில் லெட்டர்மேன் ஷோவில் பாடப் போனபோது துப்பாக்கிச் சத்தத்தை எடுத்துவிட்டு வேறு சத்தம் போட்டார்கள். மாயா கடுப்பாகிவிட்டார்.

2007-ல் இது சுமாராகத்தான் போனது. 2008-ல் ‘பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்’ என்ற ஹாலிவுட் படத்தின் டிரெய்லரில் வந்ததும் பற்றிக்கொண்டது. ‘பில்போர்டு ஹாட் 100’ பட்டியலில் நாலாவது இடம். அந்த வருஷமே ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திலும் சேர்த்துக்கொண்டார்கள். அதே படத்துக்காக ரஹ்மானோடு சேர்ந்து மாயா செய்த ‘ஓ ஸாயா’ ஆஸ்கார் போட்டிவரை போனது. (ஜெயித்தது ‘ஜெய் ஹோ’.) 2009 பிப்ரவரி 8-ம் தேதி கிராமி விழா. மாயா நிறைமாத கர்ப்பிணி; டாக்டர் குறித்த தேதியே அன்றைக்குத்தான். வயிற்றைத் தள்ளிக்கொண்டு மேடையேறி, ஜே-ஸீ, கான்யே வெஸ்ட், டி.ஐ., லில் வெய்ன் என்று அமெரிக்காவின் நாலு பெரிய தலைகளுக்கு நடுவில் ஆடினார். நம் வீட்டில் இது நடந்திருந்தால் மாமியாரும் பாட்டியும் மேடைக்கே ஏறி இழுத்துக்கொண்டு வந்திருப்பார்கள். சில நாளில் ஆண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

அவருடைய அரசியல் பேச்சுகளைப் பற்றிச் சண்டை அன்றும் உண்டு, இன்றும் உண்டு. இயக்கத்துக்கு ஆதரவு என்றார்கள் சிலர். நான் பேசியது ஜனங்களுக்காக என்றார் அவர். அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. 2018-ல் வந்த ‘மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.’ என்ற டாக்குமெண்டரியில் அவர் தரப்பு இருக்கிறது, பார்க்கலாம்.

* * *

கலா அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எப்படி?

1986-ல் லண்டனில் வந்து இறங்கின புதிது. கையில் காசில்லை, பாஷை தெரியாது, மூணு பிள்ளைகள். பேப்பரில் வந்த ஒரு விளம்பரத்தை உறவுக்காரப் பெண் காட்ட, கலாவும் அவருடைய உறவுக்கார அம்மா ஒருவரும் வேலைக்குச் சேர்ந்தார்கள். என்ன வேலை? தையல். என்ன தைக்க வேண்டும்? இங்கிலாந்து ராணி கொடுக்கிற மெடல்களுக்கு ரிப்பன்! ஒவ்வொன்றையும் கையால் தைக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலி. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல், ஆயிரக்கணக்கான மெடல்கள். போரில் வீரம் காட்டியவர்கள், விளையாட்டு வீரர்கள், சினிமா ஸ்டார்கள், பெரிய பெரிய பிரபுக்கள் நெஞ்சில் குத்திக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டதில் எத்தனையோ ரிப்பன்கள் இந்த யாழ்ப்பாணத்து அம்மா விரல் பட்டவை.

2019-ல் ராணி பிறந்தநாள் பட்டியலில் எம்.பி.ஈ. பட்டம் யாருக்கு வந்தது? மாயாவுக்கு! அடுத்த வருஷம் பக்கிங்ஹாம் அரண்மனையில் இளவரசர் வில்லியம் கையால் வாங்கிக்கொண்டார். தன் இசைக்காக என்று சொல்லவில்லை. குறைந்த கூலிக்கு இதைத் தைத்துத் தைத்து எங்களை வளர்த்த அம்மாவுக்காக வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

இதைப் படித்தபின் ‘கலா’வைத் திரும்பக் கேட்டால் சத்தமே வேறு மாதிரி இருக்கிறது. ஒட்டுத் துணியெல்லாம் எடுத்துச் சேர்த்துத் தைத்தது மாதிரி. இங்கே ஒரு ராஜா ஸார் துண்டு, அங்கே ஒரு க்ளாஷ் துண்டு, நடுவில் வில்கேனியாப் பையன்கள், ஓரத்தில் நம்ம உறுமி. அப்பா பெயரில் வந்த ஆல்பம் ஆண்பிள்ளைச் சாயல், அம்மா பெயரில் வந்தது பெண்சாயல் என்று மாயாவே சொன்னதுண்டு. எனக்கு அது தையல் மிஷின் சாயல்.

* * *

ஆற்றுக்கு அந்தக் கரையில் எனக்குத் தெரிந்த உறுமிக்காரர் ஒருத்தர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். கொடை சீசன் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டீக்கடையில் பார்த்தேன். “அண்ணாச்சி, ஒரு பாட்டு கேக்கியளா?” என்று போனை நீட்டி, ஒரு காதில் செருகிவிட்டேன். ‘பாய்ஸ்’.

டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“தம்பி, இது நம்ம உறுமில்லா!”

“ஆமா அண்ணாச்சி.”

“சும்மா இருங்க, கேப்போம்.” கண்ணை மூடிக்கொண்டார். வலது கை விரல் தொடையில் தானாகத் தட்டியது. இடது கை காற்றில் எதையோ தேய்த்தது. “இழுப்பு சரியாத்தான் வருது. வேலை தெரிஞ்ச ஆளுகதான் அடிக்காவ. எந்த ஊர்க்காரங்க?”

“சென்னையில எடுத்தது. பாடுறது லண்டன் பொண்ணு, நம்ம தமிழ்ப் பொண்ணுதான். உலகம் பூரா போச்சு அண்ணாச்சி இது.”

“அந்தப் புள்ள ஏன் இப்படிக் கத்துது? சாமி வந்திருக்கா?”

“பாட்டே அப்படித்தான்.”

முழுசும் கேட்டு முடித்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி: “அடிச்சவங்களுக்குக் கூலி ஒழுங்கா குடுத்தாவளா?”

நான் விளக்கம் சொன்னேன். இந்தத் தொழிலில், பாட்டின் துண்டை எடுத்தால் அந்தப் பாட்டைப் போட்டவருக்குப் பெயரும் பங்கும் போகும். ‘பேப்பர் ப்ளேன்ஸ்’ எழுதியவர்கள் என்று க்ளாஷ்காரர்கள் நாலு பேர் பெயரும் கூடவே அச்சாகிறது. ஆனால் ஸ்டூடியோவுக்கு வந்து வாசித்துவிட்டுப் போகிறவருக்குப் பொதுவாக அன்றைக்குச் சம்பளம், அதோடு சரி. கோடம்பாக்கத்திலும் அப்படித்தான், லண்டனிலும் அப்படித்தான். பாட்டு பத்து வருஷம் ஓடினாலும், பத்து கோடி பேர் கேட்டாலும்.

“நமக்கும் அதேதானே தம்பி. கொடை முடிஞ்சா கணக்கு முடிஞ்சுது. சாமி வந்தவனுக்கு மாலை, மேளக்காரனுக்கு வேட்டி துண்டு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

கலா அம்மாவின் மெடல் கதையையும் சொன்னேன். ரிப்பன் தைத்த கதை முடிகிறவரை குறுக்கே பேசவில்லை. “அம்மா பேரையா வச்சிருக்கு பாட்டுக்கு?” என்று மட்டும் ஒரு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காதில் இருந்ததைத் தானே சரி பண்ணிக்கொண்டார்.

“இன்னொரு வாட்டி போடுங்க. ரெண்டாவது அடி மாறுற இடத்துல என்னமோ ஒரு வேலை பண்ணியிருக்கான், அதைப் பிடிக்கணும்.”